பெட்டிமேல் ஒத்திய பெயர்

விடியுமுன்பே துறைமுகக் கிட்டங்கியில் மரப்பெட்டிகள் தோளேறத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பெட்டிமேலும் எழுத்து வெட்டிய தகரத் தகட்டை வைத்து, கறுப்பு மை ஒத்துகிறவள் ஒருத்தி. நகக்கண்கூடக் கறுத்துப்போனதால் அவள் பெயரே மைக்காரி. 'பம்பு உதிரி' என்று அவள் ஒத்திவிட்டால் சுமைகாரர்களுக்கு அது வேதவாக்கு.

பம்புப் பெட்டியை யாரும் பூப்போல இறக்குவதில்லை. கடைசி ஒரு முழத்தில் கையை விட்டுவிடுவார்கள். தொப்பென்று விழுந்தால்தானே இடுப்பு பிழைக்கும்! அங்கேயே சுமை தூக்கும் அவள் தம்பியும் நேற்று அப்படித்தான் விட்டான். பெட்டி நெருப்பைக் கக்கியது. ஒரு கண் போயிற்று, இன்னொன்று ஊசலாடுகிறது.

"உள்ள என்ன இருந்துச்சும்மா? அது தெரியாம நான் எந்த மருந்துன்னு போடுறது?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார் டாக்டரம்மா.

இன்று மைக்காரி மை தொடவில்லை. சுமையோடு நின்றவர்களும் அசையவில்லை. முதலாளி விடுவிடுவென்று வந்தார்.

"என்ன, திருவிழாக் கூட்டமா?"

"பெட்டிக்குள்ள என்னய்யா இருந்துச்சு?"

"நீதானே எழுதின? பம்பு உதிரி."

"பம்பு எங்கயாச்சும் பத்திக்கிட்டு எரியுமா?" என்றார் மொட்டையண்ணன், சுமைகாரர்களில் மூத்தவர். "நீர்ல கெடக்குற சாமான்யா அது!"

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"இந்தத் துறைமுகத்துலேர்ந்து ஆயுதமே போகலன்னு அரசாங்க அறிக்கையே சொல்லுது. அரசாங்கத்தவிட நீங்க பெரியவங்களா?"

"அவங்க எதப் பாத்து எழுதினாங்க?" என்று கேட்டாள் மைக்காரி.

"நாங்க குடுத்த காகிதத்த."

"நீங்க?"

"பெட்டிமேல இருக்கறத."

"அது என் மை. நீங்க சொன்னதத்தான் ஒத்துனேன்." அவள் கறுத்த விரல்களை நீட்டினாள். "சுத்திச் சுத்திச் சுப்பர் கொல்லையாய்யா? நடுவுல என் தம்பி கண்ணு!"

"ரகசியம்மா. வேலையப் பாரு. இல்லன்னா வேற ஆளு வரும்."

மொட்டையண்ணன் தோளிலிருந்த பெட்டியை இறக்கினார். தொப்பென்று அல்ல. குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல.

"அக்கரையில இறக்குறவனும் எழுத்த நம்பித் தொப்புனுதான போடுவான்? அதுக்கப்புறம் இது யார் தலையில விழுமோ! உள்ள என்ன, யாருக்குப் போவுதுன்னு பெட்டிமேலயும் போடணும், அறிக்கையிலயும் போடணும். அதுவரைக்கும் ஒண்ணும் கப்பலேறாது. மொதல்ல அந்தப் பையனோட டாக்டருக்குச் சொல்லுங்கய்யா."

ஒவ்வொரு பெட்டியாக மெல்லத் தரையிறங்கியது. முதலாளி கைப்பேசியோடு வெளியே ஓடினார். டாக்டரம்மாவுக்கோ, போலீசுக்கோ, யார் கண்டார்கள்?

கப்பல் ஊதியது. மைக்காரி தகரத் தகட்டைத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இனி அதை எடுக்க வேண்டுமானால் அவளை அல்லவா தூக்க வேண்டும்!

மொட்டையண்ணன் துண்டை உதறினார். "கொஞ்சம் நகரு, தாயீ. ஒன் ஒருத்தியத் தூக்குறது சுலபம். நாங்களும் உக்காருறோம்."