கை தவறி வந்த சொல்

தேர்தலில் தோற்ற மனிதர் தோற்கவே இல்லை என்று அடம்பிடித்தால் யாருக்கெல்லாம் தலைவலி வரும்? படைத்தளபதிக்கு வரும், நீதிபதிக்கு வரும், ஜெயித்தும் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்கிற அந்த எதிர்க்கட்சிக்காரருக்கு வரும். தொலைக்காட்சித் திரையின் மூலையில், சின்ன வட்டத்துக்குள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணுக்கு வரும் என்று எவனாவது நினைத்திருப்பானா?

அரசுத் தொலைக்காட்சியின் செய்திகளைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது அவள் வேலை. நிலையத்தில் எல்லோரும் அவளை 'வட்டம்' என்றே கூப்பிட்டார்கள். "வட்டம் வந்தாச்சா?", "வட்டத்துக்கு லைட்டு பத்தலை பாரு" என்று கேட்டுக் கேட்டு, சொந்தப் பேரைச் சொன்னால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்குப் பழகிவிட்டது. அப்பா, அம்மா, கூடப்பிறந்த தம்பி மூவருக்குமே காது கேளாது. அந்த வீட்டில் காதோடு பிறந்த ஒரே ஆள் அவள். வாய் பேசும் முன்பே கை பேசக் கற்றுக்கொண்டவள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்குத் தம்பி, தம்பிக்கு அவள் என்று ஓடிக்கொண்டிருந்தது.

தலைவர் தோற்றது ஊருக்கே தெரிந்துவிட்டது, தலைவருக்கு மட்டும் தெரியவில்லை. எண்ணியது தப்பு என்றார். பிறகு எண்ணியவர்களே தப்பு என்றார். கடைசியில் ஓட்டுப் போட்டவர்களே தப்பு என்கிற இடத்துக்கு வந்து நின்றார். மாளிகையைச் சுற்றி மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். நிலையத்தின் வாசலில் ஒரு கவச வண்டி வந்து நின்றது. "நமக்குப் பாதுகாப்பா, இல்ல நம்மகிட்டேருந்து பாதுகாப்பான்னு தெரியலையே" என்று முணுமுணுத்த வாயிற்காவலர், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று உடனே அக்கம்பக்கம் பார்த்தார்.

செய்தி அறையில் 'முன்னாள்' என்ற சொல்லுக்குத் தடை. எழுத்தில் ஒன்றும் இல்லை, போனில் வந்த உத்தரவு. செய்தி ஆசிரியர் பயந்த மனுஷன். எங்கே 'முன்னாள்' வந்தாலும் அடித்துத் தள்ளினார். கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஒருவர் செத்துப்போனபோது, அவரையும் வெறும் பயிற்சியாளர் என்றே எழுதிக் கொடுத்தார். "செத்தவரை இன்னும் வேலையில வெச்சிருக்கீங்களே சார்" என்று கேட்டார் வாசிப்பாளர். "நம்ம வேலை இருக்கணும்ல? பேசாம வாசி" என்றார் ஆசிரியர்.

காது கேளாதவர்கள் யாருடைய பேரையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆளுக்கு ஓர் அடையாளம் வைத்துவிடுவார்கள். தலைவருக்கு வெகுநாளாக இருந்த அடையாளம், மார்பில் இரண்டு விரலால் தட்டுவது. பதக்கம் என்று பொருள். தோற்ற மறுநாளே அது மாறிவிட்டது. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு, தோளைத் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிய்த்தெடுத்தாலும் வர மாட்டேன் என்கிற மாதிரி. இதை உண்டாக்கியவன் சாட்சாத் அவளுடைய தம்பிதான். கார்த் தகடுகளைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறையில் அவனுக்கு வேலை. அந்த இரைச்சலில் காது உள்ளவன் ஒரு வாரம் தாங்க மாட்டான், இவன் பாட்டுக்கு ஜம்மென்று தட்டிக்கொண்டிருப்பான். சாயங்காலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கூடுகிற கூட்டாளிகளிடம் அதை ஒரு தடவை செய்து காட்டினான், அவ்வளவுதான். நகரத்தில் காது கேளாதவர்கள் அத்தனை பேரும் பதக்கத்தை விட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று காலையும் வீட்டில் அதே கூத்துதான். தம்பி தலைவராக உட்கார, அவள் பிடித்து இழுக்க, நாற்காலியோடு இரண்டு பேரும் தரையில் சாய்ந்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள்.

மதியச் செய்தி, நேரலை. "தலைவர் இன்று மாளிகையில் உயர் அதிகாரிகளைச் சந்தித்தார்" என்று வாசிப்பாளர் வாசித்தார். மார்பில் தட்ட வேண்டிய அவள் கை நாற்காலியைப் பிடித்தது. தோள் தூக்கியது, கழுத்து உள்ளே போனது. போதாக்குறைக்குக் காலைச் சிரிப்பு வேறு உதட்டோரத்தில் எட்டிப் பார்த்தது. மற்றவர்களுக்கு வாய் தவறும், அவளுக்குக் கை தவறிவிட்டது.

செய்தது உறைத்தது. அடுத்த வாக்கியத்தில் அவசரமாக மார்பில் தட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் தலைநிமிரவில்லை. அங்கே ஒருத்தருக்கும் அவள் மொழி தெரியாது. அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

எங்கே தப்பிக்க? யாரோ அந்தக் காட்சித் துண்டை மட்டும் வெட்டிக் கூட்டாளிகளுக்கு அனுப்ப, அதில் ஒருத்தனுடைய காது கேட்கிற அண்ணன் கீழே விளக்கம் எழுத, அது போன் போனாகத் தாவியது. கொஞ்ச நேரத்தில் சந்தையில் சரக்கு இறக்குகிறவர்கள்கூட ஒருவரையொருவர் பார்த்துக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஊரே சிரித்தது. ஊர் சிரித்தால் மாளிகைக்குப் பொறுக்குமா?

அவளை ஒப்பனை அறைக்குக் கூப்பிட்டார்கள். மாளிகையிலிருந்து வந்தவர் அங்கே உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கண்ணாடிகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவரே தெரிந்தார். "உட்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். அந்த ஆள் கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

போனில் அந்தத் துண்டை ஓடவிட்டார். "இது என்னம்மா?"

"தலைவர்னு அர்த்தம் சார். நாற்காலி, பதவி... அந்த மாதிரி."

"இருக்கலாம். ஆனா உங்க பேச்சுக்கு நீங்களே சாட்சின்னா நல்லா இருக்காதில்லையா? அதான் வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கோம்."

கதவு திறந்தது. எண்ணெய்க் கறைச் சட்டையும், ஒரு காலில் மட்டும் செருப்புமாக உள்ளே வந்தவன் அவளுடைய தம்பி. உதடு கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது.

"உங்க தம்பின்னு தெரியும்மா. தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தோம்" என்றார் மாளிகைக்காரர். பிறகு அவன் பக்கம் திரும்பி, "இந்தச் சைகைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் சத்தமா கேளுங்க சார்" என்றான் கதவருகே நின்ற காவல்காரன். மாளிகைக்காரர் அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, சைகை தெரிந்தவரைக் கூப்பிடச் சொன்னார். செய்தி ஆசிரியர் தொண்டையைக் கனைத்தார். "நம்மகிட்ட இருக்கிறது ஒரே ஆள்தான் சார்" என்று அவளைக் காட்டினார். வேறு நேரமாக இருந்தால் எல்லோருமே சிரித்திருப்பார்கள்.

ஆக, அவளைப் பற்றிய விசாரணைக்கு அவளே மொழிபெயர்ப்பு. "ரொம்ப அடிச்சாங்களாடா?" என்று கையால் கேட்டாள். "என்ன பேசுறீங்க?" என்று குறுக்கிட்டார் மாளிகைக்காரர். "கேள்வியைப் புரியவைக்கிறேன் சார்."

தம்பியின் கைகள் வேகமாக அசைந்தன. "நான்தான் உண்டாக்கினேன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. அப்படியே சொல்லணும், மாத்தக்கூடாது."

அவள் திரும்பினாள். "நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர்னு அர்த்தமாம் சார். உறுதியானவர்னு. மரியாதையாத்தான் வெச்சாங்களாம்."

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, மாற்றிவிட்டாள் என்று தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"விட்டுக்கொடுக்காதவர். நல்லாத்தான் இருக்கு" என்றார் மாளிகைக்காரர். துண்டை மறுபடி ஓடவிட்டு, உதட்டோரச் சிரிப்பில் நிறுத்தினார். "கை என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாதும்மா. மூஞ்சி என்ன சொல்லுதுன்னு தெரியுது. சிரிக்குதே."

சைகையில் பாதி முகம்தான். கை ஒன்று சொல்லி முகம் வேறொன்று சொன்னால், காது கேளாதவர்கள் முகத்தைத்தான் நம்புவார்கள். இத்தனை வருஷம் அந்த வட்டத்துக்குள் அவள் முகம் பொய் சொன்னதில்லை. எழுதிக் கொடுத்தது பொய் என்று தெரிந்தால் முகத்தைச் செத்ததுபோல வைத்துக்கொள்வாள். பார்க்கிறவர்களுக்கு அது புரியும். அவளை அவர்கள் 'நம்ம முகம்' என்றே குறிப்பிடுவார்கள்.

"சாயங்காலம் தலைவர் பேசுறார். நீங்கதான் வட்டத்துல நிக்கப்போறீங்க. பழைய செய்தியெல்லாம் பார்த்தோம், அந்தச் செத்த மூஞ்சியெல்லாம் வேண்டாம். உங்க ஆளுங்க நம்பணும்." எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "தம்பி இங்கயே உட்கார்ந்து டிவி பார்க்கட்டும். நல்லபடியா முடிஞ்சா கூட்டிட்டுப் போங்க." முடியாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. தம்பிக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.

தலைவர் திரையில் வந்தார். "வென்றவன் நானே" என்றார். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை, அது பொய் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்து வந்தது அப்படியில்லை. "ஊரடங்கு வரப்போகிறது என்பது வதந்தி. தெருக்கள் அமைதியாக இருக்கின்றன. அனைவரும் பயமின்றி வீடு திரும்புங்கள், வேலைக்குச் செல்லுங்கள்."

கிழிந்த உதடு கண்முன்னே வந்தது. எந்த முகத்தை எடுத்து வைப்பது என்று தேடினாள். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் கைவிரித்ததை "சரியாயிடும்னு சொல்றார்ம்மா" என்று மாற்றிச் சொன்ன அந்த முகம் நினைவுக்கு வந்தது. அம்மா அதை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அந்த முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள், போய் வாருங்கள் என்று நாடு முழுக்கச் சொன்னாள். பிரமாதமாகச் செய்தாள். தன்னையே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றியது.

"நல்ல முகம்மா உங்களுக்கு" என்று சொல்லி, தம்பியை விட்டுவிட்டார் மாளிகைக்காரர்.

வெளியே இன்னும் இருட்டவில்லை. நடைபாதையில் வந்ததும் தம்பி நின்றுவிட்டான். "அத்தனையும் பொய்னு எனக்குத் தெரியும்" என்றன அவன் கைகள். "இருந்தாலும் உன்னைப் பார்த்ததும், சரி, ஒண்ணுமில்ல போலன்னு நிம்மதியாயிட்டேன். நானே நம்பிட்டேன்க்கா."

அவளுடைய போனில் செய்திகள் குவிந்திருந்தன. நீங்கள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது என்று பலர் எழுதியிருந்தார்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஒலிபெருக்கி வண்டி ஒன்று திரும்பியது. "இந்த நிமிஷம் முதல் ஊரடங்கு. யாரும் வெளியே நடமாடக் கூடாது. நில் என்று சொல்லியும் நிற்காதவர்கள் சுடப்படுவார்கள்."

கடைகளின் இரும்புக் கதவுகள் தடதடவென்று இறங்கின. டிவிப் பேச்சு வெளி உலகத்துக்குக் காட்ட, ஒலிபெருக்கி உள்ளூர்க்காரனுக்கு. அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. காது உள்ளவர்கள் ஓடினார்கள். அவள் விழுந்தடித்துச் செய்தி எழுதினாள், போகவில்லை. மறுபடி எழுதினாள். போன் இணைப்பையே வெட்டிவிட்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி ஆயிட்டே?" என்று உலுக்கினான் தம்பி. சொன்னாள். அவன் பேருந்து நிலையத்துப் பக்கம் நடக்க ஆரம்பித்தான். அங்கேதான் அவர்களுடைய ஆட்கள் நிறையக் குடியிருந்தார்கள். அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்து சந்தாக, சுவரோரமாகப் போனார்கள்.

முதல் வீடு, தம்பியோடு பட்டறையில் வேலை பார்க்கிற கூட்டாளியுடையது. அம்மாவும் பிள்ளையும் மட்டும், இரண்டு பேருக்குமே காது கேளாது. வாசல் பொத்தானை அழுத்தியதும் உள்ளே விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அந்த அம்மா கதவைத் திறந்து, அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"யாரும் வெளிய போகாதீங்க. ஊரடங்கு போட்டுட்டாங்க. சுடுவாங்களாம்" என்று மூச்சிரைக்கச் சொன்னாள் அவள்.

அந்த அம்மாவின் கைகள் நிதானமாகக் கேட்டன. "இப்பத்தானேம்மா டிவியில வந்து ஒண்ணுமில்லைன்னு சொன்னே? அங்க சொன்னதும் நீதானே? நான் எதைன்னு நம்புறது?"

"அது பொய்ம்மா. என்னைச் சொல்லவெச்சாங்க. உங்க மகன் எங்க?"

"கலவரம் வருமோன்னு பயந்து பட்டறையிலேயே தங்கிக்கிறேன்னான். நீ சொன்னதைப் பார்த்துட்டு, கிளம்பி வாடான்னு நான்தான் போன்ல எழுதினேன். வந்துக்கிட்டே இருப்பான்."

தம்பி சட்டென்று தெருப்பக்கம் திரும்பினான். தெரு காலியாக இருந்தது. பட்டறைப் பக்கமிருந்து "நில்!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடியும் கத்தினார்கள். அதற்குப் பிறகு வெடித்த சத்தமும், அந்த வாசலில் நின்ற மூன்று பேரில் அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது.

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா கேட்டுச்சு?" என்றன அவள் கைகள்.