சிங்க் ஓட்டையில் பிறந்த மேஜை

ஏரியில் பனி உடைந்த வாரத்தில் தொடங்கி மேப்பிள் இலை சிவக்கும் வரை, எங்கள் வீட்டுப் பாத்திரங்களை நான் குளியல் தொட்டியில் முட்டிபோட்டுக் கழுவினேன். வீட்டில் வெள்ளமும் இல்லை, வறுமையும் இல்லை. என் கணவர் ஆரின் ஒரு மேஜை செய்துகொண்டிருந்தார்.

நான் கேட்டது மேஜை அல்ல. செப்டம்பரில் எங்கள் மகன் ஜோயலுக்குக் கல்யாணம். எங்கள் மினசோட்டா வழக்கப்படி, கல்யாணத்துக்கு முந்தின மாலை விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. பெண்ணின் அம்மா மார்செல்லா டிவோராக் அயோவாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறாள். அவள் சமையலறையை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதில் அறுவைச் சிகிச்சை செய்யலாம். எங்கள் சமையலறையிலோ சிங்க் ஒழுகியது, அலமாரிக் கதவுகள் பல் விழுந்த வாய் போலத் தொங்கின. ஆகவே புது மேடை, புது சிங்க், புதுக் கதவுகள் கேட்டேன். கிழவியாகும் முன் ஒரு தடவையாவது சம்பந்தியம்மா முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டாமா?

"கதவுக்கு ஓரம் செதுக்கணும்னா ரௌட்டர் மேஜை வேணும், வெர்னா" என்றார் ஆரின்.

"கடையில விக்கிறாங்களே."

"கடையிலயா!"

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் சுட்டே ஆக வேண்டிய லெஃப்ஸா ரொட்டியைக் கடையில் வாங்கலாம் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ரௌட்டர் என்பது கையில் பிடித்து ஓட்டும் இயந்திரம். அதன் சுழலும் முனை மரத்தின் ஓரத்தில் வளைவும் பள்ளமும் போடும். அதையே ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, முனையை மட்டும் மேலே நீட்டினால் ரௌட்டர் மேஜை. ஒரு பலகை, ஒரு ஓட்டை, நான்கு கால். இவ்வளவுக்கும் ஒரு மரவேலைச் சங்கம், சங்கத்துக்கு ஒரு தலைவர்.

தலைவர் ஹார்லன் ப்ரெக்கி, காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். 'தலைவர்' என்று நூல்வேலை செய்த தோல் ஏப்ரன் ஒன்று வைத்திருக்கிறார். தேவாலயத்தில் நடந்த சாவு விருந்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு வந்தவர். எங்கள் கராஜில் நின்று அவர் அருளிய வாக்கு இது:

"விலைக்கு வாங்கினது மேஜையே இல்ல, ஆரின். சமையல் மேடையில சிங்க்குக்கு ஓட்டை போடறப்ப விழுது பாரு ஒரு துண்டு, அதுதான் மேஜைக்குப் பலகை. வழவழன்னு, தட்டையா. எங்கப்பாவோட மேஜை அப்படித்தான் பொறந்துது."

பழைய மேடையைச் சிங்க்கோடு பெயர்த்தெடுத்து, வழவழப்பான மேல்தாள் ஒட்டிய புது மரப்பலகை மேடையைப் பொருத்தினார்கள். அன்றே ஓட்டையும் போட்டார்கள். சிங்க் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. விழுந்த துண்டை மட்டும் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்குவதுபோல இருவரும் சேர்ந்து கராஜுக்குத் தூக்கிப் போனார்கள். எனக்கு மிஞ்சியது ஓட்டை.

அதன்பின் மேஜை வளர்ந்தது. மரத்தை ஒட்டித் தள்ள ஒரு வேலி. முன்னோரத்தில் அளவுகோல் பதித்த அலுமினியத் தடம். தூசி உறிஞ்ச ஒரு பெட்டி. அவசரத்தில் முழங்காலால் இடித்து நிறுத்த உள்ளங்கை அகலச் சிவப்புப் பொத்தான். சனிக்கிழமைதோறும் சங்கம் கூடியது. பலகை தட்டைதானா என்று பார்க்க, அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அடியில் சிகரெட் சுற்றும் தாளை நுழைத்துப் பார்த்தார்கள். ஒரு மூலையில் தாள் நுழைந்துவிட்டது. என் மாமனார் இறந்த அன்றுகூட ஆரின் முகம் அப்படி இருண்டதில்லை.

"ஒரு தாள் கனம் தொய்வு" என்றார் ஹார்லன், தொப்பியைக் கழற்றியபடி.

"என் சமையல் மேடையில ஒரு ஆள் விழற அளவுக்குத் தொய்வு இருக்கு. அதையும் கொஞ்சம் அளந்து பாருங்களேன்" என்றேன், காப்பித் தட்டோடு.

"வெர்னாவுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்றார் ஹார்லன். தட்டிலிருந்த கடைசித் துண்டு கேக்கை முழுதாக எடுக்கக் கூச்சப்பட்டு, ஆளுக்குப் பாதியாக வெட்டி, பாதியை மறுபடி பாதியாக வெட்டிக் கண்ணியமாகத் தின்று தீர்த்தார்கள். அந்தத் தட்டையும் குளியல் தொட்டியில்தான் கழுவினேன்.

ஆகஸ்டில் ஒருநாள் கராஜுக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். மேஜையின் அடியில் இரண்டு கதவுகள்; சிவப்புப் பொத்தான் அதில் ஒன்றின்மேல் இடம் மாறியிருந்தது. செர்ரி மரம். நடுவில் மேடு எழுப்பி, ஓரத்தில் வளைவு செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள். நான் படத்தில் காட்டிக் கேட்ட அதே கதவுகள்.

"இது என்ன?"

"தூசி அடையக் கூடாதுல்ல, அதுக்குத்தான்" என்றார் ஆரின்.

"ரௌட்டர் மேஜை இல்லாம கதவு செய்ய முடியாதுன்னு சொன்னே."

"ஹார்லனோட மேஜையில செஞ்சேன்."

"அப்போ என் கதவையும் அங்கயே செஞ்சிருக்கலாமே?"

கேள்வி அவருக்கு உண்மையிலேயே புதிதாக இருந்தது. "அப்புறம் இந்த மேஜை எதுக்கு?" என்றார்.

எங்கள் ஊரில் குரல் உயர்த்துவது அநாகரிகம். யாரையாவது உண்மையில் நோகடிக்க வேண்டுமானால் 'வித்தியாசமா இருக்கு' என்போம். அதற்கு மேல் வசவு கிடையாது. கதவைத் தொட்டுப் பார்த்து அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆரின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனாலும் விருந்தன்று காலை சிங்க்கைப் பொருத்த ஹார்லனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஓட்டையின்மேல் மெல்ல இறக்கினார்கள். சிங்க்கின் விளிம்பு மேடையில் உட்கார வேண்டும். உட்காரவில்லை. புத்தம் புது சிங்க், கிணற்றில் விழுந்த வாளி போல நேராகக் கீழ் அலமாரிக்குள் போய் விழுந்தது.

ஓட்டை எல்லாப் பக்கமும் பெரிது.

"சிங்க்கோட வந்த அச்சுத்தாளை வெச்சுத்தானே வெட்டினே?" என்று கேட்டேன்.

ஆரின் ஹார்லனைப் பார்த்தார். ஹார்லன் கூரையைப் பார்த்தார்.

"வேலிக்குப் பின்னால இடம் வேணும்னு இவன்தான் சொன்னான்" என்றார் ஆரின். "அதான் மேஜை அளவுக்கு வெட்டினேன்."

"சமையலறையில நின்னுக்கிட்டு, மேஜை அளவுக்கு."

"பொதுவா சொல்றேன்," ஹார்லன் தொண்டையைச் செருமினார், "இதைச் சங்கத்துல ஒரு குழு போட்டு ஆராயலாம்."

"ஹார்லன், அந்த ஏப்ரனைக் கழட்டி இந்தத் தூசியைத் துடைங்க. ஆரின், திருப்புளி எடு. கராஜுக்கு வா."

அவருக்குப் புரிந்துவிட்டது. மேஜையின் முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார். "வெர்னா, அந்தப் பலகை இப்ப தாள்கூட நுழையாத தட்டை."

"இன்னிக்குச் சாயங்காலம் டிவோராக் வீட்டார் பன்னிரண்டு பேர் வர்றாங்க. மார்செல்லா எங்கே கை கழுவணும்னு நீ சொல்லு. குளிக்கிற தொட்டியிலயா? உன் மருமகளோட அம்மாவை நானே கூட்டிட்டுப் போய் முட்டிபோட வைக்கவா?"

திருப்புளியை எடுத்தார்.

பலகை பிறந்த இடத்துக்கே திரும்பியது. அடியில் சட்டம் கொடுத்து ஓட்டைக்குள் அதை உட்காரவைத்தார்கள். அதன் நடுவில், இம்முறை அச்சுத்தாளை நான் பிடித்துக்கொள்ள, சிங்க் அளவுக்கு வெட்டினார்கள். சிங்க் உட்கார்ந்தது. மேஜையின் செர்ரிக் கதவுகளும் சிங்க்கின் கீழே ஏறின. சிவப்புப் பொத்தானைக் கழற்ற நேரமில்லை. ஒரு கதவின் மேலேயே இருந்துவிட்டது. ஹார்லன் ஓரமாக நின்று, "நல்ல மேஜை" என்று இறந்தவரைப் பற்றிப் பேசும் குரலில் சொன்னார்.

மாலையில் மார்செல்லா வந்தாள். கை கழுவினாள். பலகையைச் சுற்றி ஓடிய இணைப்புக் கோட்டைப் பார்த்தாள். முன்னோரத்தில் பதித்திருந்த அளவுகோலை விரலால் தடவினாள். முழங்கால் சிவப்புப் பொத்தானில் இடித்து 'டக்' என்றது.

"ரொம்ப வித்தியாசமா இருக்கு, வெர்னா" என்றாள் புன்னகையோடு.

அயோவாவிலும் அதற்கு அதே அர்த்தம்தான்.

நானும் புன்னகைத்தேன். பல் வலித்தது. திரும்பினால், ஆரின் பூனை நடையில் பின்வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கக்கத்தில், அன்று காலை சிங்க்குக்காக வெட்டியதில் விழுந்த துண்டு. நடுவில் ரௌட்டருக்குப் போட்ட ஓட்டை அப்படியே இருந்தது. அவருக்குப் பின்னால் ஹார்லன், கதவைத் திறந்து பிடித்தபடி.

"சின்னதா ஒண்ணுக்கு ஆகும்னு..." என்றார் ஆரின், என் முகத்தைப் பார்த்ததும்.

அடுப்பிலிருந்து ஹாட்டிஷ் தட்டை அப்போதுதான் எடுத்திருந்தேன். இறைச்சிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. துண்டை அவர் கக்கத்திலிருந்து உருவி, விருந்து மேஜையின் நடுவில் போட்டு, அதன்மேல் தட்டை இறக்கினேன். வழவழப்பான மேல்தாள் சீறிக் கொப்பளித்தது. நல்ல கருகல் நாற்றம்.

"எல்லாரும் உட்காருங்க. ஆறிடும்" என்றேன்.

ஆரின் கொப்பளத்தைப் பார்த்தபடி நின்றார். "வித்தியாசமா..." என்று ஆரம்பித்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல" என்றார். சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே எழுந்துபோய், குழாயைத் திறந்து, எல்லாத் தட்டுகளையும் நின்றபடியே கழுவினார்.