சாக்கடலில் வலை

பேரீச்சந்தோப்பில் திடீர் திடீரென்று குழி விழுந்ததால் தோப்பையே மூடிவிட்டார்கள். ஒவாத்யாவுக்கு வேலை போயிற்று. அன்றிலிருந்து அவன் கையில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம்தான். எருசலேமிலிருந்து தண்ணீர் பாயும், சாக்கடல் நன்னீராகும், தாங்கள் குடியிருக்கும் என்கேதிக் கரையில் செம்படவர்கள் வலை விரிப்பார்கள் என்று மனைவி திர்சாவிடம் ஓயாமல் சொல்வான்.

"எங்கப்பா ஏமன்லேர்ந்து சும்மாவா வந்தாரு? நம்ம சனம் இந்த மண்ணுக்குத் திரும்பும்னு எசேக்கியேல் சொன்னது நடந்துச்சா இல்லையா? இதுவும் நடக்கும்."

கலிலேயாவிலிருந்து ஒரு வலையும் வாங்கி வந்தான்.

"உப்புக்கட்டி சிக்குனா கொண்டா. சூப்புக்கு ஆகும்" என்றாள் திர்சா.

ஒரு வெள்ளிக்கிழமை, ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரம் நெருங்கியும் அவன் வரவில்லை. அவள் தேடிப் போனாள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி, ஒரு குழியின் விளிம்பில், வலையை உள்ளே வீசிப் பிடித்தபடி நின்றிருந்தான். கீழே தெளிந்த தண்ணீர். ஓரத்தில் நாணல். அதற்குள் மீன்கள், கூட்டம் கூட்டமாக.

அவள் காலடியில் தரை, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோலத் தொம்மென்று ஒலித்தது.

"ஒவாத்யா, வந்துடு. பள்ளமெல்லாம் உப்புக்குத்தான்னு அதே எசேக்கியேல் சொல்றாரே, அடுத்த வரிய படிக்கலையா நீ?"

"சத்தம் போடாத. கூப்பிடுறாங்க."

அவளுக்கும் கேட்டது. பல ஆண்கள் சேர்ந்து கயிறு இழுக்கும் குரல். செத்துப்போன மாமனார் பேசின அதே ஏமன் எபிரேயம். "ஒரு ஆள் குறையுது, ஒரு ஆள் குறையுது" என்று பாட்டுப் போலச் சொன்னார்கள்.

வலை விறைத்தது. கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள். ஒவாத்யா விடவில்லை. கால்கள் சறுக்கின. முகத்தில் சிரிப்பு.

திர்சா பாய்ந்து அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை கடித்தாள். விரல்கள் விட்டன. வலை சரசரவென்று உள்ளே போயிற்று. விளிம்பு பிளக்கும் சத்தம் கேட்டதும், அவன் சட்டையைப் பிடித்துச் சாலை வரை தரதரவென்று இழுத்து வந்தாள்.

ஞாயிறன்று நிலத்தைச் சோதிக்கிறவர்கள் வந்தார்கள். குழி நிறைய உப்புச்சேறு. நாணல் இல்லை. அந்தச் சேற்றில் புழுகூட உயிர் வாழாது என்றார்கள்.

அந்த வாரமே மேட்டிலிருக்கும் ஆராத் ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒவாத்யா மறுப்பே சொல்லவில்லை. அங்கே முதல்நாள் சாப்பிடும்போது மட்டும் கேட்டான்.

"அன்னிக்கு உனக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"காத்துச் சத்தம்."

"எனக்கும் அதான்" என்று சொல்லிவிட்டு, தட்டை நகர்த்தி வைத்தான்.