பீப்புக்குள் என்ன இருந்தது?

"கெட்ட வார்த்தை எதுவும் சொல்லலை சார். அதனாலதான் எப்படிக் கண்டிக்கிறதுன்னே தெரியலை" என்றார் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை.

கணவனும் மனைவியும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் மகள் தண்ணீரைக் கொட்டியிருக்கிறாள். துடைக்க வந்த ஆயாம்மா, "பார்த்துக் குடிக்கக் கூடாதா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். வாண்டு இடுப்பில் கைவைத்து, அவரை மேலும் கீழும் பார்த்து, "போடி பீப்!" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் ஆயாம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

"அவங்க இந்த வகுப்புக்குள்ளயே வர்றதில்லை. வேலையை விட்டே நின்னுக்கிறேங்கிறாங்க."

கணவன் லேசாகச் சிரித்தான். "ஆனா பாருங்க டீச்சர், அந்த வார்த்தை என்னன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது."

மனைவி பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

அவன் தொலைக்காட்சியில் எடிட்டர். ஒரே வீட்டுக்குள் பத்துப் பேரை அடைத்துச் சண்டை போடவிடும் நிகழ்ச்சியில், வசவு வரும் இடங்களில் 'பீப்' ஒலி வைப்பது அவன் வேலை. தன் கைப்படச் சுத்தம் செய்தது என்ற நம்பிக்கையில்தான் மகளை மடியில் வைத்துக்கொண்டு தினமும் அதைப் பார்த்தான். தான் வடிகட்டிய தண்ணீரைத் தன் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதா என்ன!

"டி.வி.யில வாயைத்தானே மூடினீங்க?" தெருவில் இறங்கியதும் அவள் வெடித்தாள். "அந்தக் கண்ணை யார் மூடினது? அந்த இளக்காரத்தை? அம்மா வயசுல இருக்கிறவங்களை 'போடி'ங்கறா. உங்களுக்குச் சிரிப்பு வருது!"

"சின்னப் புள்ளை..."

"சின்னப் புள்ளைதான். அவளுக்கென்ன தெரியும்? நீங்க கொடுத்ததைத்தான் வாங்கிக்கிட்டா. சரி, 'போடி பீப்'னு வந்த அந்த டி.வி. சண்டையில அந்தப் பொம்பளை நிஜமா என்னதான் சொன்னா?"

அவன் நடையை வேகமாக்கினான்.

"கேட்கிறேன்ல?"

"சோம்பேறி."

"என்னது?"

"'போடி சோம்பேறி'ன்னுதான் சொன்னா. தயாரிப்பாளர் அங்கயும் பீப் வைக்கச் சொன்னார். சத்தம் வந்தா ஜனங்க தானா ஏதாவது நினைச்சுக்குவாங்கன்னு."

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். ஒரு சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனார்.

"இல்லாத அசிங்கத்தை இருக்கிற மாதிரி காட்டி, வீடு வீடா அனுப்பியிருக்கீங்க. அதுக்கு நேரா அசிங்கத்தையே காட்டியிருக்கலாம். டி.வி.யை அணைக்கவாவது தோணியிருக்கும்."

அன்று மாலை வேலைக்குப் போனவன் நேராகத் தயாரிப்பாளர் அறைக்குள் நுழைந்தான். "சார், வசவு இல்லாத இடத்துல இனிமே பீப் வைக்க மாட்டேன்."

"ஏம்பா, பீப் சாமியாரா ஆயிட்டியா?" தயாரிப்பாளர் சிரித்தார். "உப்பில்லாம சோறு இறங்குமா?"

"குழந்தைங்க பார்க்குது சார்."

"அதைப் பார்த்துக்க வேண்டியது பெத்தவங்க. நானா அவங்களுக்கு ரிமோட் வாங்கிக் கொடுத்தேன்?"

"நானும் பெத்தவன்தான் சார். சுத்தமா இருக்குன்னு நம்பித்தான் காட்டினேன். செய்யறவனே நம்பி ஏமாந்திருக்கேன்னா, மத்தவங்க என்ன செய்வாங்க?" அவன் குரல் உயர்ந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முடியாதுன்னா சொல்லு. நாளைக்கு வேற ஆள் உட்காருவான்."

"முடியாது."

அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தான். இவனை வானிலை அறிக்கைக்கு மாற்றினார்கள். நிகழ்ச்சி நிற்கவில்லை. அதை நினைத்தபோதெல்லாம் அவன் பல்லைக் கடித்தான்.

அந்த வாக்குவாதத்துக்கு மறுநாள் காலை கணவன், மனைவி, மகள் மூவரும் பள்ளிக்குப் போனார்கள். ஆயாம்மா தண்ணீர்க் குழாயடியில் பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பீப்புக்குள்ள கெட்ட வார்த்தை எதுவும் இல்லைம்மா" என்றான் அவன். "அந்தச் சத்தத்தை நான்தான் வெச்சேன். வெறும் சத்தம்."

"வார்த்தை இல்லாட்டி என்ன சார்?" ஆயாம்மா நிமிரவே இல்லை. "முப்பது புள்ளைங்க சிரிச்சுதே, அது இருந்துச்சே! காலு கழுவிவிட்டது, சோறு ஊட்டினது எல்லாம் அந்தச் சிரிப்புல போயிடுச்சு. எல்லார் முன்னாலயும்தானே சொன்னா? எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

அவன் வகுப்பில் நின்று சொன்னான். "அந்தப் பீப்புக்குள்ள ஒண்ணுமே இல்லை, பசங்களா. ஒருத்தரை அழவைக்கிறதுக்குத்தான் அது உதவியிருக்கு."

"பொய்! ஏதோ இருக்கு" என்றது ஒரு குரல். பிள்ளைகள் கிசுகிசுத்தார்கள். அவனுக்கு முகம் சிவந்தது. இவ்வளவு சொல்லியும் நம்பவைக்க முடியாததை அரை நொடிச் சத்தம் நம்பவைத்திருந்தது.

வாசலில் ஆயாம்மா கைகட்டி நின்றார். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவள் உதடு மட்டும் ஏதோ பிரார்த்தனையில் அசைந்தது. குழந்தை தானாகவே நடந்துபோய் எல்லாரும் பார்க்க ஆயாம்மாவின் ஈரக் கையைப் பிடித்தாள்.

"தண்ணியைக் கொட்டினது நான்தான் ஆயாம்மா. நீங்க துடைச்சீங்க. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆயாம்மாவின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. ஆனாலும் முந்தானை நுனி குழந்தையின் முகத்துக்குப் போய்விட்டது.

"மூக்கைச் சிந்து" என்றார் கடுப்பாக. "நல்லாச் சிந்து."