பன்னிரண்டாம் அறையில் யார்?

தீயணைப்பு நிலையத்தில் சனிக்கிழமை காலைப் பான்கேக் விருந்து என்றால் ஹோல்பிரிட்ஜ் கவுண்டியில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். அது தெரிந்துதான், அந்தக் கவுண்டியின் போலீசுக்கும் சிறைக்கும் தலைவரான ஷெரிஃப் ராய்ஸ் ஸ்ட்ராடர் தன் வருடாந்திரக் கூட்டத்தை அங்கேயே வைத்தார். ஷெரிஃப் அலுவலகம் தன்னை எப்படியெல்லாம் திருத்திக்கொண்டது என்று கேட்க வாருங்கள் என்று சும்மா கூப்பிட்டால் எவன் வருவான்? வெண்ணெய் வாசனைக்கு வந்தவர்கள், வாயில் பான்கேக் இருக்கிறவரை பேச்சையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

இன்னொரு யோசனையும் செய்திருந்தார். சிறையில் வேலை பார்க்கிற காவலர்களே பரிமாறட்டும், ஜனங்கள் அவர்களை நெருங்கிப் பார்க்கட்டும் என்று. அதனால் சிறை சார்ஜென்ட் கிளிண்ட் ஹபர்ட் அன்றைக்குச் சீருடைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, மாவுக் கரண்டியோடு அடுப்பு முன்னால் நின்றார். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தார், கண் இரண்டும் சிவந்து கிடந்தன. ஆள் கெட்டவர் இல்லை. பனி கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுக்கிறவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் அவரை ராட்சசன் ஆக்கிவிடக் கூடாது.

ஷெரிஃப் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு வந்தார். காவலர் சட்டையில் கேமரா வந்தாயிற்று. புகார் கொடுக்கத் தனி ஜன்னல் திறந்தாயிற்று. நடுவில் டேட்டம் கிழவர் எழுந்து, தன் வீட்டு முன்னால் இருக்கிற சாலைப் பள்ளத்தை எப்போது மூடப் போகிறீர்கள் என்று கேட்டார். அது தன் வேலை இல்லை என்று ஷெரிஃப் சொன்னார். போன வருஷமும் இதையேதான் சொன்னீர்கள், இதில் என்ன முன்னேற்றம் என்றார் கிழவர். கூடம் சிரித்தது. ஷெரிஃபும் சிரித்துவிட்டு, அடுத்த படத்துக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிறையின் படம் அது.

டாரில் விட்கோம்ப் சமாச்சாரம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றத் தேதிக்குப் போகாமல் விட்டதற்காகப் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டாம் அறையில் போட்டார்கள். சர்க்கரை நோய்க்காரன். இரவில் மயங்கி விழுந்தவன் காலையில் விறைத்துக் கிடந்தான். கதவில் தொங்கிய தாளிலோ, இரவு முழுவதும் மணிக்கு மணி ‘பார்த்தேன், நலம்’ என்று கையெழுத்து. ஒருவரும் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

அவனுடைய அம்மா ஆர்லீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வழக்குப் போடச் சொல்லி வக்கீல்கள் வாசலில் வந்து நின்றார்கள், அவள் போடவில்லை. துக்கம் கேட்கப் போன ஷெரிஃபிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் ஒருத்தர் வந்து நின்று, உள்ளே இருக்கிறவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஷெரிஃப் சத்தியம் செய்து கொடுத்தார். அந்தச் சத்தியத்தை அவர் லேசாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஓர் எஃகுப் பொத்தானை ஒட்டச் செய்தார். காவலர் கையில் பேனா மாதிரி ஒரு கருவி. கதவு வரை நடந்து போய்ப் பொத்தானைத் தொட்டால் ‘பீப்’ என்று சத்தம் வரும், ஷெரிஃபின் திரையில் பச்சைப் புள்ளி விழும். தொடாவிட்டால் சிவப்பு. பொய்க் கையெழுத்துக்கே இனி வழியில்லை என்று நினைத்தார்.

“வருஷம் முழுக்க ஒரு சிவப்புப் புள்ளி இல்லைங்க,” என்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்லீன் பக்கம் திரும்பினார். “மிஸ் ஆர்லீன், உங்களுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாத்திட்டோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். அடுப்பு முன்னால் நின்ற கிளிண்ட் மட்டும் தட்டவில்லை, ஒரு பான்கேக் கருகிக்கொண்டிருந்தது.

என்ன நடந்தது என்றால், ஒருநாள் ஒரு பொத்தானின் பசை விட்டுக் கீழே விழுந்தது. தொலைந்துவிடப் போகிறதே என்று ஒரு காவலர் அதை ஒரு வளையத்தில் கோத்துக் காப்பி மேசைக்கு மேலே மாட்டினார். பொத்தான் எங்கே இருந்தாலும் தொட்டால் பச்சைதான், அந்த அறைக்கு நடக்கிற வேலை மிச்சமானது. அடுத்த வாரம் இன்னொன்று விழுந்தது, அல்லது விழ வைக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறை வேறு, சிவப்புப் புள்ளி விழுந்தால் மேலிடத்திலிருந்து ஓலை வரும் என்ற பயம் வேறு. கொஞ்ச காலத்தில் எல்லா அறைப் பொத்தான்களும் அந்த வளையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. காவலர்கள் அதற்கு ‘ஜெபமாலை’ என்று பேர் வைத்தார்கள். காப்பி இறங்குவதற்குள் மாலையை ஒரு சுற்று உருட்டினால் சிறை முழுவதையும் சுற்றி வந்த கணக்கு. கிளிண்ட் முதலில் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அப்புறம் முட்டி வலித்த ஒரு நாள், அவரும் உருட்டினார்.

ஆர்லீன் எழுந்தாள். மேடைக்குப் போவாள் என்று பார்த்தால், நேராக அடுப்புப் பக்கம் வந்தாள்.

“சார்ஜென்ட், ராத்திரி டியூட்டி நீங்கதானே?”

“ஆமாம் மேடம்.”

“அந்தப் பன்னெண்டாம் நம்பர்ல இப்ப யாரு இருந்தாலும் சரி, அவன் எப்படி இருக்கான்? நீங்க பார்த்தீங்கல்ல?”

அவள் வம்புக்குக் கேட்கவில்லை. மகன் கிடந்த இடத்தில் இப்போது கிடக்கிறவனைப் பற்றி இரண்டு வார்த்தை தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். தெரியாது என்று அந்த இடத்திலேயே கிளிண்ட் சொல்லியிருக்கலாம். கூடமே பார்த்துக்கொண்டிருந்ததில் வாய் தானாகவே பொய் சொன்னது.

“காலையில பார்த்தேன் மேடம். நல்லா தூங்கிட்டிருந்தான்.”

ஆர்லீன் மாவு ஒட்டியிருந்த அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கூடம் மறுபடியும் கை தட்டியது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

கதவோர மேசையில் ஜூனியர் பிளெட்சோ உட்கார்ந்திருந்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். குடித்துவிட்டு அடிக்கடி சிறைக்குப் போய் வருகிறவன், அதை மறைக்கவும் மாட்டான். அவனுக்குக் கிளிண்ட் மேல் எந்தக் கோபமும் இல்லை. வாயில் பான்கேக்கோடு, வேடிக்கையாகத்தான் சொன்னான்.

“ஏம்ப்பா கிளிண்ட், பன்னெண்டு நான்தானே. வியாழக்கிழமையே என்னை விட்டுட்டாங்களே. குழாய் ஒழுகுதுன்னு அந்த ரூமைக் காலி பண்ணிப் பூட்டிட்டாங்க. அங்க யாரு தூங்கினா, எலியா?”

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள். ஜூனியர் சுற்றிலும் முகங்களைப் பார்த்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

ஷெரிஃப் அவனிடம், நீ உள்ளே இருந்தபோது கதவுக்கு யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டார். ஜூனியர் நெளிந்தான். சாப்பாடு வரும் என்றான். ‘பீப்’ சத்தமும் வரும், ஆனால் கதவில் இல்லை, காப்பி மேசைப் பக்கமிருந்து என்றான்.

ஷெரிஃபின் முகம் வெளுத்தது. அந்தக் காப்பி மேசைக்குத் தினமும் போகிறவர் அவர். தலைக்கு மேலே தொங்கிய வளையத்தைப் பார்த்து, இது என்ன சாவி என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறார். பழைய அலமாரிச் சாவி என்றார்கள், சரி என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதே வழியில் இன்னும் கொஞ்சம் நடந்து ஒரு கதவையாவது எட்டிப் பார்த்ததில்லை. தினமும் அவர் பார்த்ததெல்லாம் பச்சைப் புள்ளிகளைத்தான்.

கிளிண்டின் கை இன்னும் ஆர்லீனின் கைகளுக்குள்தான் இருந்தது. அவள் விடவும் இல்லை, அவரால் உருவிக்கொள்ளவும் முடியவில்லை. நாணிக் குறுகுவது என்று படித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அத்தனை பெரிய உடம்பு அந்த ஏப்ரனுக்குள் ஒடுங்கிப்போனது.

“பார்க்கல மேடம்,” என்றார். “இன்னைக்கு மட்டும் இல்ல. ரொம்ப நாளாவே யாரும் பார்க்கல.” ஜெபமாலையைப் பற்றி அந்தப் பேரைச் சொல்லியே சொன்னார். மற்ற காவலர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஷெரிஃப் திரையை அணைத்தார். “இன்னைக்கு நான் சொன்ன முன்னேற்றம் எதையும் நம்பாதீங்க,” என்றார். “எனக்கே தெரியாம உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேன். தெரிஞ்சிக்காம இருந்தது என் தப்பு.” கை தட்டின நாங்களும் குனிந்துதான் உட்கார்ந்திருந்தோம். மகனைப் பறிகொடுத்தவளைத் தவிர வேறு யாராவது அந்தச் சிறையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கிறோமா? பச்சைப் புள்ளி எங்களுக்கும் வசதியாக இருந்தது.

ஆர்லீன் அவர் கையை விட்டாள். கிளிண்டின் ஏப்ரன் முடிச்சை அவளே அவிழ்த்துவிட்டாள்.

“வாங்க, இப்பவே போய்ப் பார்க்கலாம்.”

சிறை எதிர்ச் சாரியில்தான். ஷெரிஃப், கிளிண்ட், ஆர்லீன், பின்னால் நாங்கள் சில பேர் தெருவைக் கடந்தோம். எங்களை வராந்தா முனையிலேயே நிறுத்திவிட்டார்கள். கிளிண்ட் முதல் கதவின் சின்ன ஜன்னலில் முகத்தை வைத்தார். உள்ளே இருந்தவனின் பேர்கூட அவருக்குத் தெரியவில்லை. உன் பேர் என்னப்பா, உடம்பு நல்லா இருக்கா என்று கேட்டார்.

உள்ளே இருந்து பதறிய குரல் வந்தது. “ஏன் சார், நான் என்ன தப்பு பண்ணேன்?”

அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டால் தண்டனை வரப் போகிறது என்று பயப்படுகிற அளவுக்கு அந்த மனிதனை விட்டுவைத்திருந்தோம். கிளிண்ட் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஆர்லீன் ஷெரிஃபைப் பார்த்துப் பேசினாள்.

“என் பஸ்ஸுலயும் கடைசி சீட்டுக்குப் பின்னாடி ஒரு பொத்தான் இருக்கு, ஷெரிஃப். வண்டியை நிறுத்தினதும் நடந்து போய் அழுத்தணும். நான் பொத்தானை அழுத்தறதுக்காக நடக்கல. ஏதாவது ஒரு பிள்ளை சீட்டுல சுருண்டு தூங்கிட்டிருக்கும், அதுக்காக நடக்கறேன். நான் உங்ககிட்ட பொத்தான் கேக்கல, பார்க்கச் சொன்னேன். பார்த்தாச்சுன்னு காட்டறதுக்கு எத்தனை ஏற்பாடு செஞ்சாலும், போய்ப் பார்க்கிற மனசு இல்லேன்னா உள்ள இருக்கிறவன் தனியாத்தான் சாவான். என் டாரில் அப்படித்தான் செத்தான்.”

கிளிண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நடந்தார். ஷெரிஃப் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.