லில்லிக்கு அம்மை

என் வீட்டுக்காரர் பஞ்சாட்சரத்துக்கு எல்லாவற்றின்மேலும் பக்தி. பஸ்ஸில் ஏறும்போது படிக்கட்டைத் தொட்டுக் கும்பிடுவார், இறங்கும்போதும் கும்பிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் கையில்தான் என் லில்லிச் செடிகள் மாட்டிக்கொண்டன.

அவை எனக்கு வெறும் பூச்செடிகள் இல்லை. என் அக்கா மாணிக்கம்மாள் ஆலங்காயத்தில் இருக்கிறாள். அம்மா இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். தன் தெருவிலேயே எனக்கு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தாள். நானோ மலைமேல் ஜமுனாமரத்தூர் சொசைட்டியில் புளியும் தேனும் எடை போடுகிற இவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கல்யாணம் முடிந்து மலையேறும் அன்று, அக்கா தன் தோட்டத்து லில்லிக் கிழங்குகளைப் பையில் போட்டு என் மடியில் வைத்தாள்.

"இது உன் மலையில பூக்கட்டும். அன்னிக்கு உன் வூட்டுக்கு வர்றேன்" என்றாள்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எங்கள் குடும்பத்தில் கோபத்தில் சொன்னதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். நான் கீழே போனால் கறிசோறு ஆக்கிப் போட்டு அனுப்புவாள், மலைக்கு மட்டும் வரமாட்டாள். என் அடுப்பில் நான் ஆக்கியதை அவள் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஏக்கம்.

ரெண்டு வருஷம் இலைதான் விட்டது. அடுத்த சித்திரையில் முதல் மழை விழுந்ததும் இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு எட்டிப் பார்த்தது, நுனியில் மொட்டோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இலையிலும் தண்டிலும் சிவப்புப் பொட்டுகள் கிளம்பின. தடவிப் பார்த்தால் மேடு தட்டியது.

பஞ்சாட்சரம் குனிந்து பார்த்தார். உடனே செருப்பைக் கழற்றினார். அம்மா வந்திருக்கிறாள் என்றார். பெரியம்மை ஒழிந்தது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் அப்போதுதான் எழுதியிருந்தார்கள். போக வேறு இடமில்லாமல் என் செடிக்கா வந்தாள் என்று கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அதற்கப்புறம் வாசலில் வேப்பிலை தொங்கியது. பாத்தியைச் சுற்றியும் வேப்பிலை. காலையும் மாலையும் இலை நனைய நனைய மஞ்சள் தண்ணீர். புள்ளி விழுந்த இலையை நறுக்கலாம் என்று நான் கத்தியை எடுத்தால், அம்மை கண்ட உடம்பில் இரும்பு படலாமா என்று பிடுங்கி வைத்துக்கொண்டார். வீட்டில் தாளிக்கவும் கூடாதாம். ஒரு செடிக்காக நான் கடுகில்லாத குழம்பு சாப்பிட்டேன்.

அவர் ஊற்ற ஊற்றப் புள்ளி பெருகியது. உஷ்ணம் இறங்கவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றினார். கடைசியில் மொட்டுத் தண்டு வளைந்து, அழுகி, மண்ணில் சாய்ந்தது. அன்று உட்கார்ந்து அழுதேன். அக்கா இனி எங்கே வரப்போகிறாள்?

வாசலில் வேப்பிலையைப் பார்த்தால் எங்கள் பக்கம் யாரும் படியேற மாட்டார்கள். பால்காரர் முனிசாமி சொம்பைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். பக்கத்து வீட்டுச் செல்லம்மா வேலிக்கு அந்தப்புறம் நின்று, யாருக்கு என்று சைகையில் கேட்டாள். செடிக்கு என்று சொல்ல எனக்கு வெட்கம். உள்ளே போய்விட்டேன். சேதி பஸ் ஏறி ஆலங்காயம் போய்விட்டது.

ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கையில் இளநீர்க் குலையும் மறு கையில் துணிப்பையுமாக ஓடி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கையைத் தடவிப் பார்த்தாள்.

"யாருக்குடி அம்ம?" என்றாள்.

நான் பாத்தியைக் காட்டினேன்.

அக்கா செடியைப் பார்த்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு நின்ற பஞ்சாட்சரத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பேசினாள்.

"மாப்ளே, இது பூசணம் புடிச்ச நோவுங்க. எலை மேல நீங்க ஊத்துன தண்ணியிலதான் பரவிகீது."

அவள் தோட்டத்திலும் முன்பு இதே நோய் வந்து பாதிக் கிழங்கு போனதாம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். புள்ளி விழுந்த இலைகளை நறுக்கித் தீயில் போட்டாள். பஞ்சாட்சரம் தோண்டினார். ஒவ்வொரு கிழங்கும் வெளியே வரும்போது அம்மனிடம் முணுமுணுவென்று மன்னிப்பும் கேட்டார். கிழங்கை அக்கா அமுக்கிப் பார்த்தாள். கொழகொழத்தது தீக்குப் போனது. ஓரம் அழுகியதை வெள்ளைச் சதை தெரியும் வரை சீவி, அடுப்புச் சாம்பல் பூசி நிழலில் வைத்தாள். காய்ந்ததும் மண்ணை மேடாக அணைத்து, கழுத்து வெளியே தெரிய நடச் சொன்னாள். மண் உலர்ந்தால் மட்டும், அடியில் மட்டும் தண்ணீர். புது இலை வந்ததும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் மண்பானையில் கலக்கித் தெளிக்க வேண்டுமாம். அதைத் தானே வந்து செய்வதாகச் சொன்னாள்.

கை கழுவிவிட்டு என் சமையல்கட்டுக்கு வந்து மணையைப் போட்டு உட்கார்ந்தாள். நான் நிறையக் கடுகு போட்டுத் தாளித்தேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள். குழம்புச் சட்டியை அவள் பக்கத்திலேயே நகர்த்தி வைத்தேன்.

"பூக்காமலே வந்துட்டியேக்கா" என்றேன்.

"பூ யாருக்குடி வேணும்? வழியெல்லாம் நீ உசுரோட இருந்தா போதும்னு வேண்டிக்கினே வந்தேன்."

அந்த வருஷம் ஒரு லில்லிகூடப் பூக்கவில்லை. அக்கா மட்டும் வந்தாள். மருந்து தெளிக்க வந்தாள். தெளித்தது கேட்டதா என்று பார்க்க வந்தாள். புழு ஏதும் விழுந்திருக்கிறதா என்று இலையைப் புரட்டிப் பார்க்க வந்தாள். பார்க்க எதுவும் இல்லாத மாசமும் வந்தாள்.