முதல் தடவை வந்தவர்கள்

“ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?”

“இல்ல மேடம்,” என்றாள் மாரிசெல்வி.

போன மாதம் இதே தாராவி ஆலோசனை அறைக்குத் தனியாக வந்தவளிடம் கிருமி இருப்பதைச் சொன்னவள் இப்போது எதிரே இருந்து கேள்வி கேட்கும் ஆலோசகர் சாதனாதான். வீட்டில் சொல்ல வாய் வராவிட்டால் புருஷனோடு வா, புதிதாய் வந்தவளாகவே நடத்துகிறேன் என்றிருந்தாள். ஆனாலும் அந்தக் கண்களில் தன்னை அறிந்த தடமே இல்லாதது கண்டு மாரிசெல்விக்கு முதுகில் வியர்வை சில்லிட்டது.

“நானும் எடுத்ததில்ல,” என்றான் வேல்ராஜ். பெண்டாட்டிக்கு வியர்ப்பதைப் பார்த்து எழுந்தவன், காலண்டருக்குப் பின்னால் மறைந்திருந்த சுவிட்சைத் தேடாமல் தட்டினான். ஃபேன் சுற்றியது.

சாதனா அவனையும் அதே கண்களால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம்,” என்றாள் மாரிசெல்வி, சுவிட்சை மறைத்திருந்த காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “ரிசல்ட்ட ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லுதியளா?”